நாம் வெட்டிய புல்லுக்கும் பெயருண்டு

(தொலைக்காட்சி உரையரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு "நம் மண்ணின் அழகுப் புற்கள்". தலைப்பைக் கேட்டதும் சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. ரோஜாவைப் பற்றிப் பேசலாம், ஆர்க்கிட் பற்றிப் பேசலாம், புல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஒருவரை மதிக்கவில்லை என்று காட்ட வேண்டுமானால், "அவன் எனக்குப் புல்லுக்குச் சமம்" என்றுதானே சொல்கிறோம்!

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இந்த நாட்டில் நம் சமுதாயத்திற்கும் புல்லுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு உண்டு. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ரப்பர் தோட்டங்களில் பால் மட்டும் வெட்டவில்லை. புல்லும் வெட்டினார்கள். புல்லுக்கு மருந்தும் அடித்தார்கள். நூறு ஆண்டுகள் புல்லோடு போராடிய சமுதாயத்தில் இன்று எத்தனை பேருக்குப் பத்துப் புற்களின் பெயர் தெரியும்? என் பிள்ளைகளிடம் கேட்டேன். "புல்" என்று ஒரே பெயர் சொன்னார்கள்.

பெயர் தெரியாத ஒன்றை அழிப்பது எளிது. பெயர் தெரிந்துவிட்டால், பிடுங்கப் போகும் கை ஒரு நிமிடம் தயங்கும். அந்த ஒரு நிமிடத் தயக்கத்தை உண்டாக்கத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

எது புல்?

முதலில் எது புல் என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். பச்சையாகக் குட்டையாக முளைப்பதெல்லாம் புல் அல்ல. தண்டை இரண்டு விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள். உருண்டையாகவோ சற்றே தட்டையாகவோ இருந்து, இடையிடையே கணு இருந்தால் அது புல். பெரும்பாலான புற்களுக்குக் கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ளே கூடாக இருக்கும். கரும்பு போலச் சிலவற்றுக்குச் சதை நிறைந்திருக்கும். தண்டு முக்கோணமாக, கணு தெரியாமல் வழவழவென்று நீண்டு போனால் அது பெரும்பாலும் கோரை. நம் முன்னோர்கள் பாய் முடைந்தார்களே, அந்தக் கோரை. இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இலையையும் பாருங்கள். புல்லின் இலை நேராகத் தண்டிலிருந்து விரிவதில்லை. சட்டையின் கைபோலத் தண்டைச் சுற்றி வந்து, அப்புறம்தான் விரியும். சுற்றுவது முடிந்து விரிவது தொடங்கும் இடத்தில் சின்ன நாக்கு போல ஒரு சவ்வோ மயிர்வரிசையோ இருக்கும். அதன் வடிவத்தை வைத்தே ஒரு புல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துவிடுவார்கள் தாவரவியலாளர்கள்.

உலகில் 11,000க்கும் மேற்பட்ட புல்லினங்கள் இருக்கின்றன. நாம் உண்ணும் நெல் புல். கோதுமை புல். சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் புல். பொங்கலுக்குக் கட்டும் கரும்பு புல். சமையலில் போடும் செராய் புல். மூங்கிலும் புல்தான். சுங்கை பூலோ என்று ஊர் இருக்கிறதே, மலாய் மொழியில் அதற்கு மூங்கில் ஆறு என்று பொருள். நோன்புப் பெருநாளுக்கு நம் மலாய் நண்பர்கள் லெமாங் சுடும் குழலும் ஒரு புல்லின் தண்டுதான்.

இதில் தமிழருக்கு ஒரு பெருமையும் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் உறுதியாக இருப்பவற்றைப் புல் என்றும் உட்புறம் உறுதியாக இருப்பவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. மூங்கிலோடு தென்னையையும் பனையையும் உரையாசிரியர்கள் புல்லில்தான் சேர்த்தார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால், சிலாங்கூர் முழுவதும் நாம் காணும் செம்பனையும் புல்தான்! இந்நாட்டில் வாணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது 1917-இல், கோல சிலாங்கூர் வட்டாரத்தில். அந்தத் தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! இன்றைய தாவரவியல் பனைகளைத் தனிக் குடும்பமாக வைக்கிறது. ஆனாலும் புல், பனை இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரும்பிரிவில்தான் சேர்க்கிறது.

எதிரியும் தருப்பையும்

இனி நமக்கு நன்கு தெரிந்த புல்லுக்கு வருவோம். லாலாங். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே கை அரிக்கும். அதை எப்படி அடையாளம் காண்பது? இலையின் நடுநரம்பைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரியும். ஆனால் அது இலையின் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். இலையின் ஓரம் வாள்போல அறுக்கும். தோண்டினால் வெள்ளையான நிலத்தடித் தண்டு, ஊசிபோலக் கூர்மையான நுனியோடு மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும்.

லாலாங்கை எரித்தால் சாகாது. மேலே உள்ள இலை எரியும், கீழே உள்ள தண்டு பிழைத்துக்கொள்ளும். கூடவே முளைத்த மரக்கன்றுகள்தாம் செத்துப் போகும். அதனால் நெருப்பு வைக்க வைக்க லாலாங்தான் வெல்லும். அதற்குப் பிடிக்காத ஒன்று நிழல். நிழல் விழுந்தால் தானே ஒடுங்கிவிடும். அதனால்தான் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே தரையை மூடும் கொடிகளைப் பயிரிட்டார்கள். வெளிக்காட்டு வேலை செய்த மூத்தவர்களுக்கு அந்தக் கொடிகள் நினைவிருக்கும்.

ஆனால் கொடி மட்டும் போதவில்லை. மருந்து வந்தது. முதலில் ஆர்செனிக் கலந்த மருந்து. 1960-களில் பாராகுவாட். அந்தத் தொட்டியை முதுகில் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் யார்? நம் தாய்மார்கள். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். நகம் நிறம் மாறி உதிர்ந்த கைகளைப் பார்த்திருக்கிறேன். மூக்கில் இரத்தம் வடிய லயத்துக்குத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கையுறை இல்லை, முகமூடி இல்லை. பாராகுவாட்டை ஒரு வாய் விழுங்கினாலும் நுரையீரல் கெட்டு உயிர் போகும். அதற்கு மாற்று மருந்து இன்றுவரை இல்லை.

தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையைத் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் நாள். அறிவிப்புக்கும் தடைக்கும் இடையே ஏறக்குறைய 18 ஆண்டுகள். ஒரு புல்லை எதிரி என்று முடிவு செய்தோம். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிடுங்கி எறிய வேண்டியவற்றுக்கு அடையாளமாகவே லாலாங் ஆகிவிட்டது. 1987 அக்டோபரில், அன்று நடப்பிலிருந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் "ஓப்பராசி லாலாங்". கைதானவர்களைக் களைக்கு ஒப்பிட்டுவிட்டது அந்தப் பெயர்.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன், சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தருப்பை என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட புற்களுக்கு வழங்குகிறது. தென்னிந்தியாவின் பல பகுதிகளில் தருப்பை என்று சடங்குக்கு எடுப்பது வேறு எதுவுமில்லை, இந்த லாலாங்தான்! முன்னோருக்கு நீர் விடும்போது விரலில் மோதிரமாக அணிகிறோமே, அந்தப் புல். அமாவாசையன்று விரலில் ஏறும் புல்லை மறுநாள் தோட்டத்தில் நஞ்சு வைத்துக் கொன்றோம். இரண்டும் ஒன்று என்று நம்மில் பலருக்குச் சொல்லப்படவே இல்லை. சீனர்கள் இதன் நிலத்தடித் தண்டைக் கரும்போடு சேர்த்து வேகவைத்து உடற்சூடு தணிக்கும் பானமாகக் குடிக்கிறார்கள். கோலாலம்பூரில் அந்தப் பானத்தைக் குடித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்.

நமக்கும் பருவங்கள் உண்டு

"நம் நாட்டில் எப்போதும் வெயில், எப்போதும் மழை. இங்கே ஏது பருவம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பனி விழுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இடைப்பட்ட ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை வேளைகளில் இடியோடு கொட்டும் மழை. பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தைப் புல் நன்றாகக் காட்டும். மழையின் சிறப்பைச் சொல்லவந்த வள்ளுவரே பசும்புல்லைத்தானே சாட்சிக்கு அழைத்தார்! நம் பண்டிகைகளோடு சேர்த்துப் பார்த்தால் இந்தப் பருவங்களை எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தை மாதம் பொங்கல், கரும்பின் காலம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கட்டுக்கட்டாகக் கரும்பு வந்து இறங்கும். அதன் உறவினர் நம் நாணல். உறவு என்றால் பெயருக்கு அல்ல, இரத்த உறவு. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனவிருத்தி நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்தார்கள். 1918-இல் "கோ 205" என்ற புதிய கரும்பு வெளிவந்தது. கரும்பிடம் இனிப்பு இருந்தது, ஆனால் தாங்கும் சக்தி குறைவு. அந்தச் சக்தியைக் கொடுத்தது, யாரும் சீண்டாத நாணல். இன்று உலகில் விளையும் கரும்பில் பெரும்பகுதிக்குள் நாணலின் பங்கு இருக்கிறது.

தைப்பூசம் முடிந்து வெயில் ஏறும் பிப்ரவரி, மார்ச்சில் காலியான மனைகளையும் இரயில் பாதையோரங்களையும் பாருங்கள். லாலாங் பூக்கும். வறட்சியோ வெட்டோ நெருப்போ பட்டால்தான் அது நன்றாகப் பூக்கும். வெள்ளிப் பட்டு போன்ற கதிர். காலை ஏழரை மணிக்கு வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது நின்று பாருங்கள், காசு கொடுத்து வாங்கிய எந்தப் பூச்செடிக்கும் அது குறைந்ததல்ல. எரிப்பதும் இந்த மாதங்களில்தான் நடக்கிறது. கிள்ளானுக்கு அருகே ஜோஹான் செத்தியா போன்ற கரிமண் நிலங்களில் தீ பிடித்தால் மண்ணே நாள் கணக்கில் புகையும். அந்தப் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. தயவுசெய்து புல்லுக்கு நெருப்பு வைக்காதீர்கள்.

ஏப்ரல் மழை இறங்கியதும் திடல்களில் குட்டைப் புற்கள் தலை காட்டும். அதில் ஒன்றை நீங்கள் எல்லோரும் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள், வேட்டியிலும் காற்சட்டையிலும்! மலாயில் கெமுஞ்சுப், தமிழில் ஒட்டுப்புல். திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருப்போம். அடுத்த முறை பிடுங்கும் முன் திடலில் குனிந்து பாருங்கள். செம்மையும் ஊதாவும் கலந்த மெல்லிய கதிர். ஆயிரம் கதிர்கள் சேர்ந்து நின்றால் தரைமீது செந்நிறப் புகை படர்ந்தது போலிருக்கும். இது வெப்பமண்டல ஆசியாவின் சொந்தப் புல். இதன் நெருங்கிய உறவு எது தெரியுமா? நம் வெட்டிவேர். இரண்டும் ஒரே பேரினம்.

அதே திடலின் ஓரத்தில், நடைபாதைக் கல்லிடுக்கில், பிடுங்க வராமல் அடம்பிடிக்கும் ஒரு புல் இருக்கும். அடித்தண்டு வெளுத்துத் தட்டையாக இருக்கும். உச்சியில் விரல் விரலாகத் தடித்த கதிர். மலாயில் சம்பாவ் என்பார்கள். அந்தக் கதிரை எங்கோ பார்த்தது போலிருக்கும். கேழ்வரகுக் கதிரின் சின்ன உருவம் அது. கேழ்வரகின் மூதாதைகளில் ஒன்று இந்தப் புல்தான் என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்கும் சாகாத சம்பாவ், 1990-களின் இறுதியில் நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தாங்கும் செடிகள் மட்டும் பிழைத்து அவையே பெருகும். நாம் அடித்த மருந்தே சாகாத புல்லை உருவாக்கிவிட்டது.

வந்த புல்லும் இருந்த புல்லும்

ஜூன், ஜூலையில் நெடுஞ்சாலைகளின் இருபுறமும் பொன்னிறமாக அணில்வால் போன்ற கதிர்கள் ஆடும். பார்க்க அழகுதான். ஆனால் அதில் பெரும்பகுதி நம் மண்ணின் புல் அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மிஷன் புல். ஆளுயரத்துக்கு வளர்ந்து கதிர் விரித்து நிற்கும் கினிப் புல்லும் ஆப்பிரிக்கா. வீட்டு முன்புறத்தில் பாளம் பாளமாக வாங்கிப் பதிக்கும் "கவ் கிராஸ்" தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்தைச் சேர்ந்தது. அகன்ற இலை, மழுங்கிய நுனி, உச்சியில் ஆங்கில "வி" எழுத்துப் போல இரண்டு கதிர் இருந்தால் அதுதான். நாம் இத்தனை நாள் உள்ளூர்ப் புல் என்று நினைத்து நீரூற்றியது வெளியூர்ப் புல், களை என்று பிடுங்கியது உள்ளூர்ப் புல்!

வந்தவர், இருந்தவர் என்ற பேச்சு இந்நாட்டில் நமக்குப் பழக்கமானது. கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர்கள் நாம். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்தப் புல் எங்கிருந்து வந்தது என்று அறிவது அதன்மேல் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. மிஷன் புல் மற்றவற்றை நெருக்கி, தான் மட்டும் நிற்கப் பார்க்கிறது. வெட்டிவேரும் கடல் கடந்து வந்ததுதான். ஆனால் பயிராகும் தென்னிந்திய வகை விதை போட்டுப் பரவுவதில்லை. வைத்த இடத்தில் வேரூன்றி மண்ணைக் காக்கிறது. மனிதரில் எப்படியோ, புல்லில் பிறந்த ஊரை மட்டும் பார்க்காமல் செய்யும் வேலையையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இருந்த புல்லிலும் அழகுக்குக் குறைவில்லை. கெந்திங் மலைச் சாலையில் போகும்போது, வெட்டிய மண்சரிவுகளில் மூங்கில் போன்ற அகன்ற இலையோடு, பெரிய தோகை தொங்க நிற்கும் புல்லைப் பார்த்திருப்பீர்கள். இந்தியக் கடைகளில் விற்கும் மெத்தென்ற பூந்துடைப்பம் இந்தப் புல்லின் தோகையில் செய்வதுதான். புல்தரை வேண்டும் என்பவர்களுக்குச் சிக்லாப் புல் இருக்கிறது. நம் வட்டாரக் கடற்கரைகளின் சொந்தப் புல். கம்பளம் போல அடர்ந்து வளரும். அடிக்கடி வெட்டவும் வேண்டாம்.

பிள்ளையாருக்கு உகந்த புல்

ஆவணி மாதம் விநாயகர் சதுர்த்தி. கோர்ட்டுமலைப் பிள்ளையார் கோயிலிலும் மற்றக் கோயில்களிலும் அருகம்புல் மாலை குவியும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று மணமக்களை வாழ்த்துகிறோம். ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் பிடிப்பதால் வந்த வாழ்த்து அது.

ஆனால் அருகம்புல் என்று நாம் பறிப்பதெல்லாம் அருகம்புல்தானா? அடையாளம் சொல்கிறேன். தரையோடு ஓடும் கம்பி போன்ற தண்டு. சற்றே சாம்பல் கலந்த பச்சையில் குட்டை இலை. பூத்தால், உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து மூன்று முதல் ஆறு மெல்லிய கதிர்கள் குடைக்கம்பி போல விரியும். இரண்டே கதிர் என்றால் கவ் கிராஸ். தடித்த கதிர் என்றால் சம்பாவ். கதிர்கள் மேலும் கீழுமாக வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்பினால் அது வேறு புல்.

அருகம்புல் சாறு குடிப்பவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலையோரத்திலும் திடலோரத்திலும் கால்வாய்க் கரையிலும் முளைத்ததைப் பறித்து அரைக்காதீர்கள். அங்கே களைக்கொல்லி அடித்திருக்கலாம். அடித்த அன்றே புல் கருகிவிடாது, பச்சையாகத்தான் தெரியும். வண்டிப் புகையும் நாய், பூனைக் கழிவும் வேறு. வீட்டில் ஒரு மண்தொட்டி போதும். வெயிலில் வைத்து நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள். மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

மழை வரும்போது

தீபாவளியை ஒட்டி மழை தொடங்கும். மூங்கில் குருத்து மண்ணைப் பிளந்து வரும். ஈரமான பள்ளங்களில் மணிப்புல்லைத் தேடிப் பாருங்கள். மலாயில் ஜெலாய். சோளம் போன்ற இலைகளுக்கிடையே சாம்பல் வெள்ளையில் மணி மணியாகக் காய்க்கும். கோப்பதற்கென்றே இயற்கை துளை போட்டு வைத்த மணி. ஓராங் அஸ்லி மக்கள் அதை மாலையாகக் கோப்பார்கள்.

இந்த மழைக்காலத்தில்தான் புல்லின் வேர் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியவரும். 1993 டிசம்பர் 11-ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டார்கள். 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பத்தாங் காலியில் மண் சரிந்து முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் மாண்டார்கள். புல் இருந்திருந்தால் இவை நடந்திரா என்று நான் சொல்லவில்லை. ஆழத்தில் நகரும் மண்ணை எந்தப் புல்லாலும் பிடித்து நிறுத்த முடியாது. அதற்கு வடிகாலும் பொறியியலும் வேண்டும். ஆனால் மேல்மண் கரைவதையும் சிறு சரிவுகளையும் தடுக்கப் புல்லால் முடியும்.

வெட்டிவேர் என்ற தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது. இந்நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பி.கே. யூன் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை வளர்த்து ஆராய்ந்தார். நம் நெடுஞ்சாலைச் சரிவுகளில் அதை நட்ட பொறியாளர் டித்தி ஹெங்சாவோவனிச், 1996-இல் வெளியிட்ட ஆய்வில் அதன் வேரை இழுத்துச் சோதித்தார். சராசரி இழுவலிமை சாதாரண எஃகில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருந்தது. வேரும் பக்கவாட்டில் பரவாமல் நேர்க்கீழே மூன்று மீட்டர் வரை இறங்கக்கூடியது. நம் பாட்டி தண்ணீர்ப் பானையில் போட்ட வேர், சாலையைத் தாங்கிப் பிடிக்கும் என்று அவர் எண்ணியிருப்பாரா?

தண்ணீரைச் சுத்தம் செய்யவும் புல் உதவுகிறது. புத்ராஜெயாவில் 1997, 1998-ஆம் ஆண்டுகளில் 24 பகுதிகளாகச் சதுப்புநிலம் ஒன்றை உருவாக்கினார்கள். ஏறக்குறைய 200 ஹெக்டர். ஏரிக்குப் போகும் நீர் அங்கே மெதுவாகக் கடந்து போகும். அதில் நட்டவற்றுள் முக்கியமானது நாணல் வகையைச் சேர்ந்த உயரமான புல். நீரின் வேகத்தைக் குறைத்து, சேற்றைப் படியவைத்து, உரக்கழிவை உறிஞ்சிக்கொள்கிறது. மலாய்க்காரர்கள் உறுதியில்லாதவரைக் "காற்றடிக்கும் லாலாங் போல" என்பார்கள். நாமோ வெள்ளத்தில் வளைந்து பிழைக்கும் நாணலைப் புத்திசாலி என்கிறோம். வளைவது ஒன்றுதான், பார்வை இரண்டு.

என்ன செய்யலாம்?

அன்பர்களே, சப்தங்கள் நிறைந்த நகரத்தில் இதற்கெல்லாம் ஏது நேரம் என்பீர்கள். சுபாங் ஜெயா, ஷா ஆலம் இன்று நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் தோட்டம். அங்கே வேலை செய்த குடும்பங்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். புல்லைக் கொல்லச் சொல்லும் கங்காணி இப்போது இல்லை. புல்லை என்ன செய்வது என்று நாமே முடிவு செய்யும் இடங்கள் சில நமக்கு இருக்கின்றன. வீட்டு வாசல், கோயில் வளாகம், தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரம்.

நான் கேட்பது மூன்று காரியங்கள். ஒன்று, கோயில் வளாகத்திலும் பள்ளி வளாகத்திலும் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். பாராகுவாட் போய்விட்டது, ஆனால் வேறு மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன. வெட்டினால் போதும். வெட்டும் கூலிக்கு ஆகும் பணம், மருந்தடிக்கும் ஒருவரின் உடம்பைவிடப் பெரிதல்ல.

இரண்டு, திடலின் ஒரு மூலையை, நாலடிக்கு நாலடி, இரண்டு மாதம் வெட்டாமல் விடுங்கள். கதிர் வந்தால்தான் புல்லின் பெயரைக் கண்டுபிடிக்க முடியும். என்ன முளைக்கிறது, எந்த மாதம் பூக்கிறது என்று மாணவர்கள் எழுதி வைக்கட்டும். விதை தின்ன வரும் சின்னக் குருவிகளையும் எழுதட்டும். விடுமுறையில் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு அழைத்துப் போங்கள். மூங்கில்களுக்கென்றே அங்கே ஒரு தோட்டம் இருக்கிறது. அந்த வனப்பூங்கா 2025-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மூன்று, தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் வீட்டில் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் புல்லை என்ன பெயரிட்டு அழைத்தீர்கள், எது மாடு தின்றது, எது கையை அறுத்தது, எதற்கு எந்த மருந்து அடித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழில் புல்லுக்கு எத்தனையோ பெயர்கள் இருந்தன. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தத் தலைமுறையோடு அவையும் போய்விடும். இந்த வாரமே கேளுங்கள்.